"நல்ல சிஸ்டர்னு எழுதாத, என்ன செஞ்சேன்னு எழுது"

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

வணக்கம் மக்களே.

இந்த 'மக்களே' பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. "எலக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா ப்ரோ?"ன்னு ஒருத்தர் கமென்ட் போட்டிருந்தார். இல்லைங்க. நாகர்கோவில் பக்கம் பெரியவங்க, எதிர்ல நிக்கறது ஒரே ஒரு பையனா இருந்தாக்கூட 'மக்களே'ன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தது அந்த ஊர்ல பிறந்த ஒரு நர்ஸ். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எனக்குக் கீமோ ஏத்தினவங்க.

அவங்க பேரைச் சொல்லப் போறதில்லை. சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். சென்னையில ஒரு ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். இந்த எபிசோடுல நான் அவங்களுக்கு நன்றி சொல்லப் போறேன். ஆனா எப்படி நன்றி சொல்லணும்ங்கறதுக்கும் அவங்க ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. அது என்னன்னு கடைசியில சொல்றேன்.

கழுத்துல ஒரு கட்டி

அப்போ எனக்கு 26 வயசு. காலர் எலும்புக்கு மேல ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லைங்கறதாலயே ரெண்டு மாசம் கண்டுக்கல. ராத்திரி தலையணை நனையற அளவுக்கு வியர்க்கும். சென்னை வெயில்தானேன்னு நினைச்சேன். உடம்பெல்லாம் அரிப்பு, சோப்பை மாத்தினேன். கடைசியில ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில கட்டி நல்லாவே தெரிய ஆரம்பிச்சதும் டாக்டர்கிட்ட போனேன். பயாப்ஸி, பெட் ஸ்கேன். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, மூன்றாம் நிலை.

லிம்ஃபோமான்னா நிணநீர் மண்டலத்துல வர்ற புற்றுநோய். நிணநீர் மண்டலம், நம்ம நோய் எதிர்ப்பு அணுக்கள் நடமாடற பாதை. கழுத்து, அக்குள், இடுப்புன்னு அதுக்கு அங்கங்க முடிச்சுகள் இருக்கு. அந்த முடிச்சுகள்தான் வீங்குது. 1832-ல தாமஸ் ஹாட்ஜ்கின்ங்கற லண்டன் டாக்டர் இதை விவரிச்சு எழுதினார், அதான் அந்தப் பேர். இளம் வயசுக்காரங்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய்கள்ல இதுவும் ஒண்ணு. அதே சமயம், நல்லாக் குணமாகக்கூடிய புற்றுநோய்கள்லயும் இது ஒண்ணு.

டாக்டர் இதையெல்லாம் தெளிவா சொன்னார். நல்ல மனுஷன். பத்து நிமிஷம் பேசினார். ஆனா 'கேன்சர்'னு கேட்டதுக்கு அப்புறம் என் காதுல எதுவுமே ஏறல. அம்மா பக்கத்துல உட்கார்ந்து புடவை முந்தானையை முறுக்கிக்கிட்டே இருந்தாங்க. வெளியே வந்தோம். "என்னடா சொன்னாரு?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

அப்பதான் ஒரு சிஸ்டர் வந்து, "கீமோ டே கேர் இந்தப் பக்கம். வா மக்களே, முதல்ல உட்காரு"ன்னாங்க.

ஒரு நாற்பது பக்க நோட்டு

உட்கார வெச்சுட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி: "டாக்டர் என்ன சொன்னார்னு உன் வார்த்தையில சொல்லு, பாப்போம்."

முழிச்சேன். அவங்களுக்கு அது புதுசு இல்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் பக்கத்துல என் மருந்துகளைத் தமிழ்லயே எழுதினாங்க. டாக்சோரூபிசின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின், டகார்பசின். டாக்சோரூபிசினோட பழைய பிராண்ட் பேர் அட்ரியாமைசின். நாலு மருந்தோட முதல் எழுத்தையும் சேர்த்தா ஏபிவிடி. 1970-கள்ல இத்தாலியில மிலான்ல ஜியானி பொனடோனாங்கற டாக்டரோட குழு உருவாக்கின கூட்டு. இன்னிக்கும் உலகம் முழுக்கக் கொடுக்கறாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு டோஸ், ரெண்டு டோஸ் சேர்ந்தா ஒரு சைக்கிள். எனக்கு ஆறு சைக்கிள், அதாவது 12 டோஸ்.

ஒவ்வொரு மருந்து பக்கத்துலயும் ஒரு வரி எழுதினாங்க. "சிவப்பு மருந்து: ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பா போகும். ரத்தம் இல்ல." "பிளியோ: வறட்டு இருமல், மூச்சு வாங்கினா உடனே சொல்லு." "வின்: விரல் நுனி மரத்துப் போகலாம், மலச்சிக்கல் வரும்." "டகார்: குமட்டல் இதாலதான் அதிகம்."

அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, கீழ பில்லிங் கவுண்டர்ல ஒரு ஃபாரம் தருவாங்க, கொஞ்சம் வாங்கிட்டு வர்றீங்களா?"ன்னாங்க. அம்மா போனதும் குரலை இறக்கினாங்க.

"மக்களே, பின்னாடி கல்யாணம், குழந்தைன்னு யோசிச்சு வெச்சிருக்கியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்க சாதாரணமா, ரேஷன் கார்டு இருக்கான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. கீமோ மருந்துகள் விந்தணுவைப் பாதிக்கலாம். ஏபிவிடில அந்த ஆபத்து மத்த பல கூட்டுகளைவிடக் குறைவு. ஆனாலும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விந்தணுவை உறைய வெச்சுச் சேமிக்கலாம். பெண்களுக்கு கருமுட்டையைச் சேமிக்கற வழி இருக்கு. ஆரம்பிச்ச பிறகு கேட்டா லேட். "டாக்டர் ஃபைல்ல எழுதியிருக்கார், ஆனா உங்க அம்மா முன்னாடி பேசச் சங்கடப்பட்டிருப்பார். நீயும் கேட்டிருக்க மாட்ட. ரெண்டு நாள் டைம் இருக்கு, போய்ட்டு வந்துடு."

போய்ட்டு வந்தேன். அப்புறமா அம்மா சொன்னாங்க, கவுண்டர்ல ஃபாரம்னு எதுவுமே இல்லையாம்.

சிவப்பு ஊசி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையா சொல்றேன். ஏன்னா நர்ஸ்னா 'ஊசி போடறவங்க'ன்னுதான் நம்ம நினைக்கறோம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

டோஸ் அன்னிக்கு முதல் வேலை எடை பார்க்கறது. "செருப்பைக் கழட்டிட்டு ஏறு." கீமோ மருந்து, ஆளுக்கு ஒரு மாத்திரைங்கற கணக்கு கிடையாது. உயரத்தையும் எடையையும் வெச்சு உடம்போட பரப்பளவைக் கணக்குப் போட்டு, அதுக்கு ஏத்த மாதிரி டோஸ் போடறாங்க. எடை நல்லா மாறியிருந்தா டோஸும் மாறணும். அடுத்து அன்னிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை. அப்புறம் மருந்துப் பை வந்ததும் ரெண்டு நர்ஸ் சேர்ந்து சரி பார்ப்பாங்க. ஒருத்தர் சத்தமா வாசிப்பாங்க, இன்னொருத்தர் என் கை பட்டையைப் பார்ப்பாங்க.

"உன் முழுப் பேர் என்ன? பிறந்த தேதி என்ன?"

அஞ்சாவது டோஸ்லயும் இதே கேள்வி. "சிஸ்டர், எங்க அம்மாவைவிட உங்களைத்தான் அதிகம் பார்க்கறேன், இன்னும் என் பேர் தெரியாதா?"ன்னேன். சிரிக்கவே இல்லை. "தெரிஞ்ச ஆள்னு நினைக்கறப்பதான் மக்களே தப்பு நடக்கும்"னாங்க.

டாக்சோரூபிசின் பார்க்க ரூஹ் அஃப்சா மாதிரி சிவப்பா இருக்கும். நரம்புக்குள்ள போற வரைக்கும் பிரச்சனை இல்லை. நரம்பை விட்டு வெளியே சதையில கசிஞ்சா, அந்த இடத்தையே அழிச்சிடும். புண் ஆகி, அதுக்குத் தனியா ஆபரேஷன் பண்ற நிலைமைகூட வரலாம். அந்தச் சேதம் அன்னிக்கே முழுசாத் தெரியாது, நாள் கழிச்சும் தெரியும். அதனால இந்த மருந்தை மாட்டிவிட்டுட்டு வேற வேலை பார்க்கப் போக மாட்டாங்க. பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சலைன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சிரிஞ்சால மெதுவா ஏத்துவாங்க. நடுநடுவே நிறுத்தி, பிஸ்டனைப் பின்னாடி இழுத்து ரத்தம் வருதான்னு பார்ப்பாங்க. வந்தா ஊசி இன்னும் நரம்புக்குள்ளதான் இருக்கு. கண்ணை அந்த இடத்துலேர்ந்து எடுக்க மாட்டாங்க.

"எரிஞ்சா சொல்லு. அரிச்சா சொல்லு. சும்மா ஒரு மாதிரி இருந்தாலும் சொல்லு. தைரியசாலியா இருக்கணும்னு நினைக்காத."

நாலாவது டோஸ். லேசா ஒரு சுருக்கு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். பக்கத்து நாற்காலியில ஒரு தாத்தா சத்தமே போடாம கீமோ வாங்கிட்டு இருந்தார், அவர் முன்னாடி இதுக்கெல்லாம் சொல்றதான்னு வெட்கம். அப்புறம் சொன்னேன். அடுத்த நொடியே சிரிஞ்சை நிறுத்திட்டாங்க. இழுத்துப் பார்த்தாங்க, ரத்தம் வரல. ஊசியை உடனே உருவிடாம, அது வழியாவே உள்ளே இருக்கற மருந்தை முடிஞ்ச வரை வெளியே இழுத்து எடுத்தாங்க. டாக்டரைக் கூப்பிட்டாங்க. குளிர் ஒத்தடம் வெச்சாங்க. எல்லா மருந்துக்கும் குளிர் ஒத்தடம் கிடையாதாம். வின்பிளாஸ்டின் கசிஞ்சா வெதுவெதுப்பான ஒத்தடம்தான் வைக்கணும், மாத்தி வெச்சா இன்னும் மோசமாகும். இதையெல்லாம் அவங்க புத்தகத்தைத் திறந்து பார்க்கல.

என் இடது கையில இப்பவும் அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருப்புத் தடம் இருக்கு. அவ்வளவுதான். இந்தக் கையாலதான் எடிட் பண்றேன், பைக் ஓட்டறேன். அந்த வாரமே எனக்கு நெஞ்சுல தோலுக்கு அடியில ஒரு போர்ட் வெச்சாங்க. அதுல ஊசி குத்தினா மருந்து நேரா பெரிய ரத்தக்குழாய்க்குப் போயிடும், கை நரம்புக்கு வேலை இல்லை. அதுக்குச் செலவு எவ்வளவு, எங்க காப்பீட்டுல வருமான்னு அம்மாவோட உட்கார்ந்து கணக்குப் போட்டதும் சிஸ்டர்தான்.

100.4

இப்ப கொஞ்சம் பின்னால போறேன், மூணாவது டோஸுக்கு. நோட்டோட கடைசிப் பக்கத்துல அவங்க சிவப்பு பேனாவால பெருசா ஒரு எண் எழுதியிருந்தாங்க: 100.4. செல்சியஸ்ல 38.

கீமோ, வேகமாப் பெருகற செல்களை அடிக்கும். கேன்சர் செல் வேகமாப் பெருகும். முடி வேரும் வேகமாப் பெருகும், அதான் முடி கொட்டுது. எலும்பு மஜ்ஜையில ரத்த அணு உண்டாக்கற செல்களும் வேகமாப் பெருகறவைதான். அதனால டோஸ் போட்டு ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள வெள்ளை அணுக்கள் தரை தட்டும். அதுல நியூட்ரோஃபில்னு ஒரு வகை இருக்கு, பாக்டீரியாவை எதிர்க்கற முதல் வரிசை. அது இல்லாதப்போ கிருமி உள்ளே வந்தா, சீழ், வீக்கம், சிவப்புன்னு வழக்கமான அடையாளம் எதுவும் தெரியாமப் போகலாம். அதெல்லாம் உண்டாக்கறதே வெள்ளை அணுக்கள்தானே. பல சமயம் ஜுரம் மட்டும்தான் ஒரே தடயம். சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்தாயிடலாம்.

"அதனால ஜுரம் வந்தா மொதல்ல பாராசிட்டமாலை முழுங்காத. அது ஜுரத்தைக் குறைக்கும், கிருமி உள்ளே அப்படியே இருக்கும். தெர்மாமீட்டர் வை. 100.4 காட்டினா, மணி என்னன்னு பார்க்காத. கிளம்பு."

பத்தாவது நாள் ராத்திரி 1:40. குளிர் நடுக்கம். 101.2. அம்மா கையில மாத்திரையோட நிக்கறாங்க. "காலையில போலாமே, இப்ப ஆட்டோ கிடைக்குமா?"ன்னாங்க. நோட்டைக் காட்டினேன். மணி பார்க்காதன்னு எழுதியிருக்கு.

எங்க ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசுதான் பெரியவரா இருப்பார். கண்ணெல்லாம் தூக்கம். தொண்டையைப் பார்த்தார், நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்சார். "வைரல் ஃபீவர் மாதிரிதான் இருக்கு. மாத்திரை தர்றேன், காலையில உங்க டாக்டரைப் பாருங்க"ன்னார். அம்மா முகத்துல நிம்மதி. நானும் எழுந்துட்டேன். உண்மையைச் சொல்றேன், நானும் வீட்டுக்குப் போகணும்னுதான் நினைச்சேன்.

அப்புறம் நோட்டோட பின் அட்டையைத் திருப்பினேன். அங்க சிஸ்டர் டாக்டர்களுக்காக ஆங்கிலத்துல எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்தி வெச்சிருந்தாங்க. இவர் கீமோ எடுப்பவர், இன்ன மருந்துகள், கடைசி டோஸ் தேதி இது, ஜுரம் வந்தால் ரத்த அணு எண்ணிக்கை, ரத்தக் கல்ச்சர் எடுக்கவும், ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் கொடுக்கவும். கீழ ஒரு போன் நம்பர். அவங்க சொந்த நம்பர்.

டாக்டர் படிச்சார். முகம் மாறிச்சு. நம்பரைப் போட்டார். ராத்திரி ரெண்டே கால் மணிக்கு ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டாங்க. மூணு நிமிஷம் பேசினாங்க. 2:40-க்கு எனக்கு ஆன்டிபயாடிக் ஏற ஆரம்பிச்சுது. நாலு மணிக்கு ரிசல்ட் வந்துது. நியூட்ரோஃபில் 200. 500-க்குக் கீழ போனாலே ரொம்ப ஆபத்துன்னு சொல்ற எண்ணிக்கை அது. ஆறு நாள் படுத்திருந்தேன். எந்திரிச்சு வீட்டுக்கு வந்தேன்.

அந்த டியூட்டி டாக்டர் மேல எனக்குக் கோபம் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்க முடியாது. அவருக்குத் தெரியாம இருக்கலாம்னு முன்கூட்டியே யோசிச்சு, என் நோட்டோட பின் அட்டையில எழுதி வெச்சிருந்தாங்க பாருங்க. நான் சொல்ல வர்றது அதைத்தான்.

மீன் குழம்பு

சின்ன விஷயம் ஒண்ணு. முதல் டோஸுக்கு முன்னாடி அம்மாகிட்ட சிஸ்டர் கேட்டாங்க: "பையனுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?" "மீன் குழம்பு." "அப்ப கீமோ அன்னிக்கும் மறுநாளும் அதைச் செய்யாதீங்க."

அம்மாவுக்கு மனசே கேக்கல. சீக்காளிப் பிள்ளைக்குப் பிடிச்சதைக் கொடுக்கக்கூடாதா? சிஸ்டர் விளக்கினாங்க. குமட்டலோட எதைச் சாப்பிட்டாலும், மூளை அந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டுடும். அப்புறம் கீமோ முடிஞ்சாலும் அந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். மூளை அப்படித்தான் கத்துக்கும். எனக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்ல பஸ் நின்னாலே வாந்தி வந்துக்கிட்டு இருந்ததும் அதே காரணம்தான். நான் 'மனசு வீக்கு'ன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லல. அவங்க என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சு, டாக்டர்கிட்ட சொல்லி, முந்தின நாள் ராத்திரியே போட ஒரு மாத்திரை எழுத வெச்சாங்க.

அந்த ஆறு மாசம் கீமோ அன்னிக்கு நான் சாப்பிட்டது ரவா உப்புமா. உப்புமா எனக்கு முன்னாடியும் பிடிக்காது, அதனால நஷ்டம் இல்லை. மீன் குழம்பு தப்பிச்சுது.

இதுக்குப் பேர் அன்பு மட்டும்தானா?

ரொம்ப நாள் நான் எல்லார்கிட்டயும் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்னா, "எங்க சிஸ்டர் அவ்வளவு அன்பானவங்க." அது உண்மைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. மருந்து கசிஞ்சா எந்த ஒத்தடம்னு தெரிஞ்சது அன்பா? 100.4-ங்கற எண் அன்பா? அம்மாவைக் கீழ அனுப்பிட்டுக் கேக்கணும்ங்கறது அன்புதான், ஆனா எதைக் கேக்கணும், எப்பக் கேக்கணும்ங்கறது படிப்பு.

இந்தியாவுல புற்றுநோய் நர்ஸிங்குக்குன்னே நர்ஸிங் படிப்புக்கு மேல ஒரு வருஷ டிப்ளமோ இருக்கு. எங்க சிஸ்டர் அதைப் படிச்சவங்க. அதுக்கு மேல பதினோரு வருஷம் கீமோ வார்டு. பிரிட்டன்ல இந்த வேலைக்குன்னே தனிப் பதவி இருக்கு, கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். 1975-லயே அங்க மேக்மில்லன்ங்கற தொண்டு அமைப்பு புற்றுநோய்க்குன்னு சிறப்பு நர்ஸ்களை நியமிக்க ஆரம்பிச்சுது. புற்றுநோய்னு தெரிஞ்சதும், 'இவங்கதான் உங்க நர்ஸ், இதுதான் அவங்க நம்பர்'னு ஒருத்தரைக் கைகாட்டற வழக்கம் அங்க இருக்கு. எனக்கு அது அதிர்ஷ்டத்துல கிடைச்சுது. ராத்திரி ரெண்டே காலுக்கு அவங்க போனை எடுக்கணும்னு எந்த டியூட்டி சார்ட்லயும் எழுதலை. அவங்க தூக்கத்தைக் கொடுத்து என்னைக் காப்பாத்தினாங்க.

எனக்கு மட்டும் இல்லை. தர்மபுரியிலிருந்து ஒரு அக்கா தனியா வருவாங்க. ரயில்ல கேன்சர் நோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை இருக்கு, ஆஸ்பத்திரியில ஒரு படிவத்துல டாக்டர் கையெழுத்து வாங்கினாப் போதும். அந்த அக்காவுக்கு அது நாலு மாசமா தெரியாது. படிவத்தை எடுத்துட்டுப் போய், கையெழுத்து வாங்கிக் கொடுத்தது சிஸ்டர்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டர் எங்க இருக்கு, என்னென்ன பேப்பர் வேணும்ங்கறதும் அவங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒன்பதாவது டோஸ்

ஒன்பதாவது டோஸுக்குப் போனேன். சிஸ்டர் இல்லை. லீவான்னு கேட்டேன். எலும்பு முறிவு வார்டுக்கு மாத்திட்டாங்களாம். தண்டனையெல்லாம் இல்லை. அங்க நர்ஸ்களைச் சுழற்சி முறையில வார்டு மாத்தறது வழக்கம், அவங்க முறை வந்துது.

புது சிஸ்டர் நல்ல பொண்ணு. ரொம்ப மரியாதையா பேசினாங்க. டே கேர்ல அவங்களுக்கு அது மூணாவது நாள். கடைசி மருந்து, டகார்பசின் பையை மாட்டினாங்க. ஜன்னலோரம், நல்ல வெயில். டகார்பசின் வெளிச்சம் பட்டா கெட்டுப்போற மருந்து. எங்க சிஸ்டர் எப்பவும் பையையும் டியூபையும் மூடித்தான் மாட்டுவாங்க. நான் தயங்கித் தயங்கி, "சிஸ்டர், அந்தப் பையை மூடணும்னு நினைக்கறேன்"னேன். அவங்க ஒரு நொடி பார்த்தாங்க. லேபிளைப் படிச்சாங்க. உடனே மூடினாங்க. "தேங்க்ஸ் சார், எனக்கு யாரும் சொல்லல"ன்னாங்க.

அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதே யோசனை. பதினோரு வருஷ அனுபவம் ஒரு வார்டை விட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது என் நாற்பது பக்க நோட்டுல மட்டும்தான். நோட்டு இல்லாத அந்தத் தாத்தாவுக்கு என்ன இருக்கு?

தேவதைக்குச் சம்பளம் வேண்டாம்

12 டோஸும் முடிஞ்சுது. ஸ்கேன் சுத்தமா வந்துது. ஒரு கார்டு வாங்கி, 'நீங்கள் என் தேவதை'ன்னு எழுதி, ஒரு புடவையும் வாங்கிட்டு எலும்பு வார்டுக்குப் போனேன். கால்ல கட்டுப் போட்ட ஒருத்தருக்கு தலையணையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. என் தலையில அரை இஞ்ச் முடியைத் தடவிப் பார்த்துட்டு, "சுருட்டையால்லா முளைச்சிருக்கு"ன்னு சிரிச்சாங்க.

புடவையைத் தொடவே இல்லை. கார்டைப் படிச்சாங்க.

"மக்களே, தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், தூக்கமும் வேண்டாம். எனக்கு மூணும் வேணும், கேட்டியா."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

"நன்றி சொல்லணும்னா நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுது. நல்ல சிஸ்டர், அன்பான சிஸ்டர்னு எழுதாத. அப்படி நூறு லெட்டர் அங்க கிடக்கு. நான் என்ன செஞ்சேன்னு எழுது. தேதி போட்டு எழுது. அப்பதான் இந்த வேலைக்கு ஆள் வேணும்னு அவங்களுக்குப் புரியும்."

எழுதினேன். மூணு பக்கம். நாலாவது டோஸ், கசிவு, செஞ்ச முதலுதவி. மூணாவது டோஸ், பத்தாவது நாள், 1:40, 2:15, 2:40. ஒன்பதாவது டோஸ், டகார்பசின் பை. புது சிஸ்டரைக் குறை சொல்லாம, அவங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலைன்னு எழுதினேன். தர்மபுரி அக்காவும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாங்க.

சினிமா மாதிரி எதுவும் நடக்கல. சிஸ்டர் இன்னும் எலும்பு வார்டுலதான் இருக்காங்க. ஆனா இப்ப டே கேருக்குப் புதுசா வர்ற நர்ஸ்கள் முதல்ல அவங்ககிட்ட ரெண்டு வாரம் பயிற்சி எடுத்துட்டுத்தான் கீமோ ஏத்த முடியும். அந்த நோட்டோட பின் அட்டை இருக்கு இல்லையா, அது இப்ப அச்சடிச்ச அட்டையா எல்லா நோயாளிக்கும் தர்றாங்க. அதுல சொந்த நம்பர் இல்லை. ராத்திரியும் ஆள் எடுக்கற ஆஸ்பத்திரி நம்பர் இருக்கு. எனக்கு அதுலதான் ரொம்ப சந்தோஷம். சிஸ்டர் இப்ப ராத்திரி தூங்கறாங்க.

போன மாசம் செக்கப் போனேன். ரெண்டரை வருஷம் ஆச்சு, எல்லாம் சுத்தம். அந்த அட்டையில ஒண்ணை வாங்கி பர்ஸ்ல வெச்சிருக்கேன்.

உங்க வீட்டுல யாராவது கீமோ எடுக்கறாங்கன்னா, அடுத்த தடவை போகும்போது மூணு கேள்வி கேளுங்க. எத்தனை டிகிரியில கிளம்பணும்? ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? வேற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா என்ன காட்டணும்? பதிலை ஒரு நோட்டுல எழுதிக்கோங்க. நான் சொன்னது என் நோய், என் மருந்து. உங்களுக்கு உங்க டாக்டரும் நர்ஸும் சொல்றதுதான் சரி.

அப்புறம் உங்களைப் பார்த்துக்கிட்ட ஒரு நர்ஸ் ஞாபகத்துக்கு வந்தா, ஒரு லெட்டர் எழுதுங்க. அவங்க என்ன செஞ்சாங்கன்னு, தேதி போட்டு.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.